எரிந்த ஏடும் எழுதாத ஊரும்: அயர்லாந்தை விட்டுப் போனவர்களைத் தேடுதல்

1. கேள்வி

அமெரிக்காவிலோ ஆஸ்திரேலியாவிலோ வாழும் அயர்லாந்து வம்சாவளியினரிடம் “உங்கள் முன்னோர் எந்த ஊர்?” என்று கேட்டால் இரண்டு பதில்கள் கிடைக்கும். ஒன்று, “கார்க்” அல்லது “மேயோ” என்று மாவட்டத்தின் பெயர். மற்றது, “ஆவணமெல்லாம் 1922இல் எரிந்துபோயிற்று” என்ற பெருமூச்சு. இந்த இரண்டாவது பதில் மூன்று தலைமுறைகளாக வாய்வழி வந்து ஒரு நம்பிக்கையாகவே ஆகிவிட்டது. தேடத் தொடங்குமுன்பே தேடலை முடித்துவைக்கும் நம்பிக்கை அது.

1841 கணக்கெடுப்பில் அயர்லாந்தின் மக்கள்தொகை 81 லட்சத்தைத் தாண்டியிருந்தது. 1851இல் அது 65 லட்சம். உருளைக்கிழங்குப் பயிரை 1845இல் தாக்கிய அழுகல் நோயும் அதன்பின் வந்த பஞ்சமும் சுமார் 10 லட்சம் பேரைக் கொன்றன. 1845க்கும் 1855க்கும் இடையில் ஏறக்குறைய 20 லட்சம் பேர் கடல் கடந்தார்கள். ஒரு நாட்டில் கால்வாசிப் பேர் பத்தே ஆண்டுகளில் வெளியேறும்போது அவர்கள் பெயர்கள் எங்கேனும் எழுதப்பட்டிருக்கத்தானே வேண்டும்? எழுதப்பட்டவை எரிந்தனவா, முதலிலேயே எழுதப்படவில்லையா? இக்கட்டுரை இந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கொள்கிறது. தீயின் மீது சுமத்தப்படும் பழியில் பெரும்பகுதி தவறான முகவரிக்குப் போகிறது என்பது என் வாதம்.

2. ஃபோர் கோர்ட்ஸ் தீயில் எரிந்தது எது

டப்ளினில் லிஃபி ஆற்றின் கரையில் உள்ள நீதிமன்ற வளாகம் ஃபோர் கோர்ட்ஸ். பிரிட்டனுடனான உடன்படிக்கையை ஏற்காத குடியரசுப் படையினர் 1922 ஏப்ரலில் அதைக் கைப்பற்றினார்கள். ஜூன் 28 அதிகாலை, உடன்படிக்கையை ஏற்ற தற்காலிக அரசின் பீரங்கிகள் முழங்கின. ஜூன் 30 அன்று நேர்ந்த பெரும் வெடிப்பில் வளாகத்திலேயே இருந்த பொது ஆவணக் காப்பகத்தின் களஞ்சியம் அழிந்தது. எரிந்த தாள் துண்டுகள் நகரத்தின் மீது மிதந்து இறங்கின. வெடித்தது கண்ணியா குண்டா, குற்றம் யாருடையது என்ற சர்ச்சை இன்னும் ஓயவில்லை. அது வேறு கட்டுரைக்கான விஷயம்.

நமக்கு வேண்டியது எரிந்தவற்றின் பட்டியல். 1821, 1831, 1841, 1851 ஆகிய நான்கு கணக்கெடுப்புகளின் மூலப்படிவங்களில் சில துணுக்குகள் நீங்கலாக எல்லாம் போயின. உயில்களும் நீதிமன்ற ஆவணங்களும் போயின. அயர்லாந்துத் திருச்சபையின், அதாவது ஆங்கிலிக்கன் திருச்சபையின், பங்குப் பதிவேடுகளில் பாதுகாப்புக்கென்று அங்கே ஒப்படைக்கப்பட்டவை போயின. ஒப்படைக்கச் சோம்பிய பங்குகளின் ஏடுகளும், நல்ல பெட்டகம் இருக்கிறதென்று தம்மிடமே வைத்துக்கொண்ட பங்குகளின் ஏடுகளும் பிழைத்தன.

எரியாதவற்றையும் பார்க்க வேண்டும். மக்களில் மிகப் பெரும்பான்மையினர் கத்தோலிக்கர். அவர்களுடைய பதிவேடுகள் அரசுக் காப்பகத்துக்குப் போனதே இல்லை; பங்குத்தந்தையின் வீட்டு அலமாரியில் இருந்தன. பிறப்பு, திருமணம், இறப்பு பற்றிய அரசுப் பதிவுகள் பதிவாளர் நாயகத்தின் பொறுப்பில் வேறிடத்தில் இருந்தன. ரிச்சர்ட் கிரிஃபித்தின் தலைமையில் 1847 முதல் 1864 வரை நடந்த நில மதிப்பீடு அச்சிட்ட நூலாகவே வெளிவந்துவிட்டது. குடியிருப்பவர் யார், அவருக்கு நிலத்தைக் குத்தகைக்கு விட்டவர் யார் என்பதை ஊர்வாரியாகச் சொல்லும் பட்டியல் அது.

1861 முதல் 1891 வரையிலான நான்கு கணக்கெடுப்புகளும் தீயில் போனவை அல்ல. முதல் இரண்டையும் புள்ளிவிவரம் எடுத்து முடித்ததும் அரசே அழித்துவிட்டது. அடுத்த இரண்டும் முதல் உலகப் போரின் காகிதத் தட்டுப்பாட்டில் கூழாயின. எட்டுக் கணக்கெடுப்புகளில் நான்கைத் தீ தின்றது என்றால் மற்ற நான்கைத் தின்றது அலுவலகம். அலுவலகத்தின் மீது பாட்டுக் கட்டுவார் இல்லை.

தீயின் பங்கைக் குறைத்துச் சொல்லும் ஆசையும் எனக்கில்லை. 1841, 1851 படிவங்களில் அன்றிரவு வீட்டில் இல்லாத குடும்பத்தாரையும், முந்தைய பத்தாண்டுகளில் இறந்தவரையும் எழுதத் தனித்தனி அட்டவணைகள் இருந்தன. பஞ்சம் முடிந்த கையோடு எடுத்த 1851 படிவங்கள் மட்டும் இருந்திருந்தால், இறந்தவர் யார், வெளியேறியவர் யார் என்பதை வீடு வீடாகப் படித்திருக்கலாம். அந்த இழப்புக்கு ஈடு இல்லை. டப்ளின் டிரினிட்டி கல்லூரியை மையமாகக் கொண்டு 2022 ஜூனில் திறக்கப்பட்ட மெய்நிகர் ஆவணக் களஞ்சியம், வேறு காப்பகங்களில் கிடைக்கும் படிகளைக் கொண்டு எரிந்த அலமாரிகளை மீண்டும் நிரப்பப் பார்க்கிறது. காப்பக அதிகாரி ஹெர்பர்ட் வுட் 1919இல் வெளியிட்ட வழிகாட்டி நூல்தான் அதற்கு வரைபடம். என்ன இருந்தது என்பதை மூன்றாண்டு முன்பே ஒருவர் எழுதி அச்சிட்டு வைத்திருந்ததால்தான் என்ன போயிற்று என்பதே தெரிகிறது.

3. பங்குப் பதிவேட்டின் ஒரு பக்கம்

அயர்லாந்து தேசிய நூலகம் 1950களிலும் 60களிலும் கத்தோலிக்கப் பதிவேடுகளை மைக்ரோபிலிமில் எடுத்தது. ஏறக்குறைய 1880 வரையிலான அந்தப் படங்களை 2015 ஜூலையில் இணையத்தில் இலவசமாகத் திறந்துவிட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குகள், மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள்.

அவற்றில் ஒரு பக்கத்தைத் திறந்தால் கண்ணில் படுவது பெரும்பாலும் ஒரு கறுப்புக் கறை. ஈரம் ஏறிய தாள், ஓரம் மடிந்த ஏடு, மறுபக்கத்து மை ஊறித் தெரியும் எழுத்து. கோடு போட்ட கட்டங்கள் இருக்கும் என்று எண்ணுபவர் ஏமாறுவார். தேதி, குழந்தையின் பெயர், தகப்பன் பெயர், தாயின் பிறந்த வீட்டுப் பெயர், ஞானப்பெற்றோர் இருவர் பெயர் ஆகியவை ஒரே வரியில் ஓடும். அதிர்ஷ்டம் இருந்தால் வரியின் கடைசியில் ஊர்ப்பெயர் வரும். இறந்தவரைப் பதியும் வழக்கம் கத்தோலிக்கப் பங்குகளில் அரிது. பஞ்சத்தில் மாண்டவரின் பெயர்கள் இங்கே கிடைக்காததற்கு அதுவே காரணம், தீ அல்ல.

எழுதிய மொழி லத்தீன் அல்லது ஆங்கிலம். மேற்குக் கரையில் மக்கள் பேசியதோ ஐரிஷ். வீட்டில் தீர்மிட் என்று அழைக்கப்பட்டவனைப் பாதிரியார் லத்தீனில் டெமெட்ரியஸ் என்று எழுதுவார். அரசுப் பதிவாளர் ஜெரமையா என்பார். பாஸ்டன் துறைமுகத்தில் அவன் ஜெர்ரியோ டார்பியோ ஆகிவிடுவான். டைக் என்பவன் தாடேயுஸாகவும் டிமோத்தியாகவும் மாறுவான். நோரா என்ற பெண் ஏட்டில் ஹொனோரியா. ஜேம்ஸ் என்றால் யாக்கோபுஸ், வில்லியம் என்றால் குலியெல்முஸ். மூன்று ஏட்டில் மூன்று பெயர், ஆள் ஒருவர். இதை அறியாமல் கணினியில் ‘ஜெர்ரி’ என்று தட்டித் தேடுபவருக்கு அவர் ஒருநாளும் அகப்படமாட்டார்.

குடும்பப் பெயரோ எதிர்த்திசையில் குழப்பும். பின்னாளில் பதிவாளர் நாயகமான ராபர்ட் மாத்தீசன் 1890ஆம் ஆண்டின் பிறப்புப் பதிவுகளை எண்ணி 1894இல் ஓர் அறிக்கை தந்தார். மர்ஃபி முதலிடம், கெல்லி இரண்டாமிடம், சல்லிவன் மூன்றாமிடம். மேற்குக் கார்க்கில் ஒரு பங்கில் சல்லிவன்களைத் தேடுவது திருவிழாக் கூட்டத்தில் வெள்ளைச் சட்டைக்காரரைத் தேடுவதற்குச் சமம். ஊர்க்காரர்கள் பட்டப்பெயரால் கிளைகளைப் பிரித்துக்கொண்டார்கள். கிரிஃபித்தின் மதிப்பீட்டாளர்களும் வேறு வழியின்றி அதையே செய்தார்கள்: ஒரே ஊரில் ஒரே பெயரில் இருவர் இருந்தால் அடைப்புக்குறிக்குள் தகப்பன் பெயரையோ ‘சிவப்பு’ போன்ற அடைமொழியையோ சேர்த்து எழுதினார்கள்.

இந்தக் கூட்டத்தில் ஆளைப் பிரித்தறியத் தேடுநர்கள் பிடிக்கும் கொம்பு பெயரிடும் மரபு. முதல் மகனுக்குத் தந்தைவழிப் பாட்டன் பெயர், இரண்டாம் மகனுக்குத் தாய்வழிப் பாட்டன் பெயர். ‘பெயரன்’ என்ற சொல்லிலிருந்தே ‘பேரன்’ வந்த மொழியில் வாழும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அது எத்தனை முறை தவறும் என்பதையும் நமக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. பலர் இந்த மரபைச் சட்டம்போல் பாவித்து, மூத்தவன் பெயர் பேட்ரிக், ஆகவே பாட்டன் பேட்ரிக் என்று கொடிவழி வரைந்துவிடுகிறார்கள். மூத்த குழந்தை ஒன்று முன்பே இறந்திருக்கலாம். மாமனாரிடம் கடன்பட்டவன் மரபை மாற்றியிருக்கலாம். என் கணிப்பில் ஞானப்பெற்றோர் பெயரே இதைவிட நல்ல சாட்சி. அவர்கள் பெரும்பாலும் அத்தை, சித்தப்பா, மாமன் என்ற வட்டத்திலிருந்து வந்தவர்கள். கப்பலேறிய பின் அக்கரையில் பிறந்த குழந்தைகளுக்கும் அதே குடும்பங்களிலிருந்து ஞானப்பெற்றோர் வந்து நிற்பதைக் கண்டால் ஊர் ஏறக்குறைய அகப்பட்டுவிட்டது என்று கொள்ளலாம்.

இன்னொரு விஷயம்தான் இந்த வாதத்தின் மையம். பதிவேடுகள் தொடங்கும் ஆண்டு எல்லா ஊரிலும் ஒன்றல்ல. நகரங்களிலும் கிழக்கின் செழிப்பான பங்குகளிலும் ஏடுகள் 18ஆம் நூற்றாண்டிலேயே தொடங்குகின்றன. கத்தோலிக்கரை ஒடுக்கிய தண்டனைச் சட்டங்களின் சுமையும் வறுமையும் கூடுதலாக அழுத்திய மேற்கிலும் வடமேற்கிலும் பல பங்குகளில் 1830கள், 40கள், சில இடங்களில் 1850களில்தான் முதல் ஏடு திறக்கப்படுகிறது. பஞ்சம் வாட்டி எடுத்த பகுதிகளும் இவைதாம். 1847இல் கப்பலேறிய இருபது வயதுக்காரரின் திருமுழுக்கு 1827இல் நடந்திருக்கும். அவருடைய பங்கில் அப்போது ஏடே இல்லை. இங்கே எரிந்தது எதுவுமில்லை.

4. அரசுப் பதிவும் நழுவும் வயதும்

கத்தோலிக்கரல்லாதோரின் திருமணங்கள் 1845 ஏப்ரலிலிருந்தும், எல்லாருடைய பிறப்பும் திருமணமும் இறப்பும் 1864 ஜனவரியிலிருந்தும் அரசால் பதியப்பட்டன. பஞ்சத்தில் போனவர்களுக்கு இது வெகு தாமதம். ஆனாலும் பின்னால் போன அலையினருக்கு இதைவிடச் சிறந்த சான்று இல்லை: பிறப்புப் பதிவில் தாயின் பிறந்த வீட்டுப் பெயர் உண்டு, திருமணப் பதிவில் இரு தகப்பன்மாரின் பெயரும் தொழிலும் உண்டு. இறப்புப் பதிவு மட்டும் கஞ்சத்தனமானது. பெற்றோர் பெயர் அதில் இல்லை. நூறாண்டு கடந்த பிறப்பு, 75 ஆண்டு கடந்த திருமணம், 50 ஆண்டு கடந்த இறப்பு ஆகியவற்றின் பக்கங்களை இப்போது அரசு இணையதளத்தில் காசில்லாமல் பார்க்கலாம்.

பார்ப்பவர் ஒரு விநோதத்தைச் சந்திப்பார். பங்கு ஏட்டில் மார்ச் 3 அன்று திருமுழுக்குப் பெற்ற குழந்தை, அரசு ஏட்டில் மார்ச் 20 அன்று பிறந்திருக்கும். பிறக்குமுன் ஞானஸ்நானம்! குறித்த கெடுவுக்குள் பதியாவிட்டால் அபராதம் என்பதால், தாமதமாகப் போன தகப்பன் பிறந்த நாளைத் தள்ளிச் சொல்லிவிடுவான். அபராதத்துக்கு அஞ்சியவன் தேதியை மாற்றினான். ஆன்மாவுக்கு அஞ்சியவன் பங்குக் கோயிலுக்கு உடனே ஓடினான். ஆகவே இரண்டு தேதிகள் மோதினால் கோயில் தேதியை நம்புவதே விவேகம்.

வயதைப் பொறுத்தவரை எந்த ஏட்டையும் நம்புவதற்கில்லை. 1909 ஜனவரி முதல் 70 வயது நிரம்பிய ஏழைகளுக்கு வாரம் 5 ஷில்லிங் முதியோர் ஓய்வூதியம் வந்தது. 1901 கணக்கெடுப்பில் 56 வயதென்று எழுதியவர் 1911இல் 70 என்று எழுதுவது சர்வசாதாரணம். பொருளாதார வரலாற்றாசிரியர் கோர்மக் ஓ கிராடா இந்த ஓய்வூதியக் கதையை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். எல்லாமே பொய் என்று சொல்லிவிட முடியாது. தம் பிறந்த ஆண்டையே அறியாத தலைமுறை அது. 1839 ஜனவரி 6 இரவு அயர்லாந்தைப் புரட்டிப்போட்ட பெருங்காற்று தமக்கு நினைவிருக்கிறது என்று சொல்லி வயதை நிரூபிக்கப் பார்த்தவர்கள் ஏராளம்.

5. கப்பலேறும்போது எழுதப்பட்டது

தேடல் உண்மையில் அறுபடும் இடத்துக்கு இப்போது வருகிறோம். அயர்லாந்தில் ஒருவரைத் தேட மாவட்டம் போதாது, பங்குகூடப் பல நேரம் போதாது, டவுன்லேண்ட் வேண்டும். டவுன்லேண்ட் என்பது சொந்தப் பெயரும் எல்லையும் உள்ள சிறு நிலப்பகுதி. சிலவற்றில் முப்பது வீடு, சிலவற்றில் ஒன்றுமில்லை. நாட்டில் அவை 60,000க்கும் மேல். 1820களிலும் 30களிலும் நிலஅளவைத் துறை நாட்டை அளந்தபோது, ஜான் ஓ டோனவன் என்ற அறிஞர் ஊர் ஊராய் நடந்து ஐரிஷ் பெயர்களைக் கேட்டு ஆங்கில எழுத்தில் நிலைப்படுத்தினார். இன்று தேடுபவர் நம்புவது அந்த எழுத்துக்கூட்டல்களை. கப்பலேறியவரோ தம் ஊர்ப்பெயரைக் காதால் மட்டுமே அறிந்தவர்.

வெளியேறும் மக்களின் பெயர்களை அயர்லாந்துத் துறைமுகங்களில் யாரும் முறையாகப் பதியவில்லை. லிவர்பூல் வழியே போனவர்கள் ஒரே அரசின் எல்லைக்குள் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் போனவர்களாகவே கருதப்பட்டார்கள். பிரிட்டனிலிருந்து வெளியேறியோரின் பயணிகள் பட்டியல்கள் 1890 முதல்தான் எஞ்சியிருக்கின்றன. அமெரிக்கத் துறைமுகங்களின் பட்டியல்கள் 1820இல் தொடங்கினாலும் அவை கேட்டது பெயர், வயது, பாலினம், தொழில், நாடு. நாடு என்ற இடத்தில் ‘அயர்லாந்து’. பக்கம் பக்கமாக ஒரே சொல், அதற்குக் கீழே ‘மேற்படி’ குறிகள்.

நியூயார்க்கின் குடியேற்ற நிலையமான எல்லிஸ் தீவின் அதிகாரிகள் பெயரை மாற்றிவிட்டார்கள் என்று குடும்பங்கள் சொல்லும் கதைக்கு ஆதாரம் இல்லை. அவர்கள் கையில் வைத்திருந்தது புறப்பட்ட துறைமுகத்தில் கப்பல் நிறுவனம் எழுதிய பட்டியல். பெயர் மாறியது அதற்கு முன்பும் பின்பும். ஊரிலேயே ‘ஓ’வும் ‘மாக்’கும் உதிர்ந்தன, கொல்லன் என்று பொருள்படும் ஐரிஷ் பெயர்கள் மொழிபெயர்ந்து ஸ்மித் ஆயின.

இதற்கு மாறாக அரசு தன் பிடியில் வைத்துக் கொண்டுபோனவர்களின் ஊர் எழுதப்பட்டிருக்கிறது. ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்பட்ட கைதிகளின் குற்றம், தண்டனை, உயரம், தழும்பு எல்லாம் ஏட்டில் உண்டு. 1848க்கும் 1850க்கும் இடையில் ஏழையர் விடுதிகளிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பப்பட்ட 4,000க்கும் மேற்பட்ட பெண்பிள்ளைகள் எந்த விடுதியிலிருந்து வந்தார்கள் என்று தெரியும். கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் சேர்ந்து மதராஸுக்கு வந்த அயர்லாந்துச் சிப்பாய்கள் பிறந்த ஊர் கம்பெனிப் பதிவுகளில் இருக்கிறது. இங்கே அவர்களுக்கு நடந்த திருமணமும் அடக்கமும் படியெடுக்கப்பட்டு லண்டனுக்குப் போயின, இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. சொந்தக் காசில் சீட்டு வாங்கி, யார் கண்ணிலும் படாமல் கப்பலேறிய பண்ணைக்கூலியின் மகளுக்கு இப்படி ஒரு வரி இல்லை. சுதந்திரமாகப் போனதன் விலை அது என்றே எனக்குத் தோன்றுகிறது.

அரசு கேட்காததை மற்றவர்கள் கேட்டார்கள். பாஸ்டனின் ‘பைலட்’ வார ஏடு 1831 முதல் 1921 வரை ‘காணாமற்போன நண்பர்கள்’ என்ற தலைப்பில் உறவுகளைத் தேடுவோரின் விளம்பரங்களை வெளியிட்டது. தம்பியைத் தேடும் அக்காவுக்கு ‘அயர்லாந்து’ என்று மட்டும் எழுதக் கட்டாது. மாவட்டம், பங்கு, டவுன்லேண்ட், ஏறிய கப்பல், கடைசியாக வேலை பார்த்த இருப்புப்பாதை எல்லாம் எழுதினாள். நியூயார்க்கில் 1850இல் தொடங்கிய குடியேறியோர் சேமிப்பு வங்கியின் சங்கடம் வேறு. கையெழுத்துத் தெரியாத பல மர்ஃபிகள் பணம் போட வருகிறார்கள்; எடுக்க வருபவர் அதே மர்ஃபிதானா? அதற்காகக் கணக்குத் திறக்கும்போதே பிறந்த இடம், பெற்றோர், உடன்பிறந்தோர், வந்த கப்பல் ஆகியவற்றைக் கேட்டுச் சோதனை ஏட்டில் எழுதிவைத்தார்கள். வரலாற்றாசிரியர் டைலர் ஆன்பிண்டர் தம் ஆய்வுகளுக்குப் பெரிதும் பயன்படுத்தியது இந்த வங்கி ஏடுகளை. ஆள்மாறாட்டத்துக்கு அஞ்சிய காசாளர் ஓர் அரசு செய்யாத வேலையைச் செய்துவைத்தார்.

6. இரண்டு தேடல்கள்

1892 ஜனவரி 1 அன்று எல்லிஸ் தீவு நிலையம் திறந்தபோது முதலில் பதிவானவர் கார்க்கிலிருந்து இரு தம்பிகளுடன் வந்த ஆனி மூர். அன்றைய செய்திகளில் வயது 15; உண்மையில் 17. கோவ் துறைமுகத்திலும் எல்லிஸ் தீவிலும் அவருக்குச் சிலைகள் உண்டு. அவர் மேற்கே டெக்சாஸுக்குப் போய் விபத்தில் இறந்தார் என்று பல ஆண்டுகள் நம்பப்பட்டது. அந்த வழித்தோன்றல்கள் விழாக்களுக்கு அழைக்கப்பட்டார்கள். வம்சாவளி ஆய்வாளர் மேகன் ஸ்மோலென்யாக் ஆவணங்களைத் திறந்து பார்த்தார். டெக்சாஸ் ஆனி மூர் பிறந்ததே அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில். கப்பலில் வந்த ஆனி நியூயார்க்கின் கீழ்க்கிழக்குப் பகுதியை விட்டு நகரவேயில்லை. 1924இல் இறந்து குயீன்ஸில் கல்லறைக் கல்லின்றிக் கிடந்தார். 2006இல்தான் இது தெளிவானது. சிலை வைக்குமளவு புகழ்பெற்ற ஒரு பெண்ணுக்கே இந்தக் கதி. பெயர் பொருந்தினால் போதும் என்று நிற்பவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

மற்றது பராக் ஒபாமாவின் தாய்வழி முன்னோர். ஃபால்மத் கியர்னி என்ற இளைஞர் 1850இல் 19 வயதில் நியூயார்க் வந்து ஒஹையோ போனார். அவர் ஊர் ஆஃபலி மாவட்டத்தின் மனிகால் என்று 2007இல் உறுதியானது. ஆங்கிலிக்கன் குரு ஸ்டீபன் நீல் பங்கு ஏடுகளில் தேடி எடுத்தார். 2011 மே மாதம் ஒபாமா அங்கே போய் மதுக்கடையில் நின்று குடித்ததை உலகமே பார்த்தது. இந்த வெற்றி எதனால் கிடைத்தது என்று யாரும் அதிகம் கேட்கவில்லை. ஃபால்மத் என்ற பெயர் அயர்லாந்தில் அபூர்வம். தகப்பன் செருப்புத் தைப்பவர். நிலமற்ற கூலி அல்ல. திருச்சபை ஆங்கிலிக்கன், ஏடு பழையது; அதுவும் டப்ளினுக்குப் போகாமல் ஊரிலேயே தங்கியதால் தீயிலிருந்து தப்பியது. அதே கப்பலில் மேயோவின் பேட்ரிக் கெல்லி ஒருவர் வந்திருந்து, அவர் வழித்தோன்றல் அதிபராகியிருந்தால் மதுக்கடை எதுவென்று இன்றும் தெரிந்திருக்காது. ஊரைக் கண்டுபிடித்த கதைகளை மட்டும் சேர்த்துவைத்து அயர்லாந்துக் குடிபெயர்வின் வரலாற்றை எழுத முடியாததற்குக் காரணம் இதுதான்.

7. தங்கியவர் வழியே

தேர்ந்த ஆய்வாளர்கள் போனவரை விட்டுவிட்டு, ஊரில் தங்கிய உடன்பிறந்தவரைத் தேடுவார்கள். கடல் கடக்காதவர் திருமணம் செய்தார், குத்தகை கொடுத்தார், முதுமையில் ஓய்வூதியம் கேட்டார். ஓய்வூதியத்துக்கு 70 வயதைக் காட்ட வேண்டும். 1864க்கு முன் பிறந்தவருக்கு அரசுப் பதிவு கிடையாது. ஆகவே 1841 அல்லது 1851 கணக்கெடுப்பில் தம் பெயரைத் தேடித்தரும்படி ஃபோர் கோர்ட்ஸ் காப்பகத்துக்கே விண்ணப்பித்தார்கள். எழுத்தர் மூலப்படிவத்தைப் புரட்டி, பெற்றோர், பிள்ளைகள், வயது என்று தேடல் படிவத்தில் எழுதினார். மூலம் 1922இல் எரிந்தது. தேடல் படிவங்களில் பல்லாயிரம் பிழைத்து இன்று தேசியக் காப்பகத்தில் உள்ளன. அக்கா ஒருத்தியின் ஓய்வூதியத்துக்காக எழுதப்பட்ட அரைப்பக்கத்தில், 1851இல் நான்கு வயதாக இருந்து பின்னால் சிகாகோ போன தம்பியின் பெயரும் நிற்கலாம்.

பல படிவங்களில் எழுத்தர் ‘கிடைக்கவில்லை’ என்று மட்டுமே எழுதி அனுப்பினார். அப்படித் திரும்பிய படிவத்தையும் ஒதுக்கிவிடக் கூடாது. அதன் மேற்பாதியை நிரப்பியது விண்ணப்பித்த கிழவி. தகப்பன் பெயர், தாயின் பிறந்த வீட்டுப் பெயர், பங்கு, டவுன்லேண்ட்: கப்பல் பட்டியல் கேட்காமல் விட்ட அத்தனையும் அங்கே இருக்கின்றன.